பக்கம் 212, வரி 9

பொதியைப் பிரித்ததும் முதலில் விழுந்தது
புத்தகமல்ல, ஒரு துண்டுத் தாள்.
மூன்று விரல் அகலம், தேநீர் நிறம்.
'பக்கம் 212, வரி 9:
மேல்காற்று என்பதைக்
கீழ்காற்று எனத் திருத்தி வாசிக்க.'

ஹாலிஃபாக்ஸ். பாரிங்டன் தெரு.
பனி அரைகுறையாய்க் கரைந்த ஒரு புதன்கிழமை.
என் வேலை எண்ணுவது:
படங்கள் பதினாலும் இருக்கின்றனவா,
புழு எத்தனை தாளைத் துளைத்தது,
முதுகுத் தோல் எவ்வளவு மிச்சம்.
பிறகு ஒரு விலை.

கடற்சமரில் அணிகள் குலையும் விதம் பற்றி, 1811.
எழுதியவர் மேஜர் லெமுவல் ட்ரஸ்காட்.
பீரங்கிப் படை. அதாவது தரை.
முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார்:
இந்த ஊர்க் கோட்டை மேட்டில் பதினொரு வருடம்
கடலைப் பார்த்த பீரங்கிகளுக்குக் காவல்,
எதிரி வரவேயில்லை.
கப்பல் ஏறியது இங்கே வர ஒருதரம்,
வழியெல்லாம் வாந்தி.
திரும்பிப் போக இன்னொருதரம் ஏறவேண்டுமே என்றுதான்
இங்கேயே கிடந்தாரோ என்னவோ.

ஓரத்தில் யாரோ ஒரு மாலுமி, பென்சிலால்:
'இந்த மனுசன் ஒருநாளும் நனைந்ததில்லை.'
நாலு பக்கம் தள்ளி:
'பாய்மரம் ஏணியல்ல, ஐயா.'
212இல் மட்டும் அந்தப் பென்சில்
வரியை இரண்டுதரம் கீறிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் நின்றுவிட்டது.

ஒன்பதாம் படம் மூன்றாய் மடித்தது.
விரித்தால் மேசை போதாது.
சிவப்புக் கப்பல் எட்டு, நீலம் பத்து,
மேற்கே பாறைத் தொடர்.
இடது மூலையில் கன்னம் உப்பி ஊதும்
ஒரு குழந்தை முகம்.
செப்புத் தகட்டில் வெட்டியாயிற்று;
துண்டுத் தாளால் அதைத் திருப்ப முடியாது.
இன்னும் மேற்கிலிருந்துதான் ஊதுகிறது.

ஏழு கப்பல்களுக்குக் கப்டன்மார் பெயர்.
எட்டாவதுக்கு, எறும்பளவு எழுத்தில்:
மூன்றாம் லெப்டினன்ட் ஜோப் ட்ரஸ்காட்.

எங்கள் கரையில்
மேல்காற்றுக்குக் கச்சான் என்று பெயர்.
வறுத்துத் தின்னும் கடலைக்கும் அதே பெயர்தான்.
டூகல்டின் லாச்சிக்குள் ஒரு பொட்டலம் கிடந்தது.
கச்சானைப் பரப்பிக் கச்சானைச் சோதித்தேன்
(படத்தின் மேல் அல்ல, பக்கத்து மேசையில்).

கச்சான் அடித்தால்
எட்டாவது, பாறையை முதுகில் விட்டு
திறந்த கடலுக்குப் போய்விடுகிறது.
நீலங்களை எப்படி நகர்த்தினாலும்
போய்விடுகிறது.
கொண்டல் அடித்தால்
ஏழும் ஏதோ ஒரு பக்கம் தப்ப
அது மட்டும் பாறையில்.
நாலுதரம் செய்து பார்த்தேன்.

பதினொரு வருடம் கொடிமரத்தின் கீழே நின்றவருக்கு
காற்றின் திசை பிழைக்குமா?
அச்சான பிறகு யார் வந்து கேட்டது?
கடற்படைக் காரியாலயமா?
அந்த ஏழில் ஒன்றிலிருந்து வந்த எவனுமா?
இல்லை, அவரே ஒரு மழைநாளில்
அச்சுக்கோப்பவனிடம் நடந்து போய்,
ஒரு சொல்தான், என்றாரா?

எனக்கும் ஒரு பக்கம் உண்டு, ஒரு வரி.
அது இங்கே வேண்டாம்.

அட்டவணையில் எழுதினேன்:
'திருத்தத் தாள் உண்டு, ஒட்டப்படாதது.
படங்கள் முழுமை.
ஒன்பதாவது, திருத்தப்படாதது.'
தாள் இல்லாவிட்டால்
நூற்றைம்பது டாலர் குறையும்.

மேட்டில் பன்னிரண்டு மணிப் பீரங்கி வெடித்தது.
டூகல்ட் உள்ளே வந்தார், பூட்ஸெல்லாம் சேறு,
கைக்கடிகாரத்தைத் திட்டிக்கொண்டு.
மேசையைப் பார்க்காமலே கையை நீட்டி
பாறையோரம் கிடந்ததை எடுத்து
வாயில் போட்டு மென்று,
'உப்புக் கூட' என்றார்.